குறுங்காட்டில் மான் மேய்ச்சல்: புதிதாகக் காடு பார்க்க வருகிறவர்களுக்கு

கேரளத்தில், மறையூரிலிருந்து காந்தளூருக்கு ஏறும் சரிவில், கரும்புக்காட்டுக்கும் வனத்துறையின் கம்பிவேலிக்கும் நடுவே எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் மரக்காடு இருக்கிறது. தாத்தா காலத்தில் விறகுக்கும் ஏர்க்காலுக்கும் என்று விட்டுவைத்தது. நாவல், நெல்லி, வேங்கை, கடுக்காய், அங்கங்கே சந்தனம். வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே நுழைந்ததும் "என்ன குளிர்ச்சி" என்பார்கள். காடு நன்றாக இருக்கிறது என்றுதான் நானும் பல வருஷம் நினைத்திருந்தேன்.

ஒரு ஆடிக் காற்றில் பழைய நாவல் ஒன்று வேரோடு சாய்ந்தது. அதன் இடத்தைப் பிடிக்கப் போகும் அடுத்த மரம் எது என்று தேடினேன். கணுக்கால் உயரத்தில் நாவல் கன்றுகள் பாய் விரித்த மாதிரி இருந்தன. முழங்கால் உயரத்தில் நாலைந்து. இடுப்பு உயரத்தில் ஒன்றுகூட இல்லை. தோள் உயரத்திலும் இல்லை. அதற்குமேல் எல்லாம் தாத்தா வயசு மரங்கள். கைக்குழந்தைகளும் கிழவர்களும் மட்டும் இருந்து, நடுவில் வேலைசெய்கிற வயசில் ஆளே இல்லாத ஊர் மாதிரி இருந்தது எங்கள் காடு.

அன்றைக்குத்தான் மான் மேய்ச்சலைக் கவனிக்கத் தொடங்கினேன். சின்னாறு, அட்டப்பாடி, கூடலூர், வயநாட்டு எல்லை என்று காட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வாங்கி, மரம் வளர்க்க ஆசைப்பட்டு வருகிற தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர். கோயில் காட்டையோ காவையோ பார்த்துக்கொள்கிற ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காக, எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இது சொந்த நிலத்துக்கும் ஊர்க்காட்டுக்கும் மட்டும். சரணாலயத்துக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது.

முதலில் எந்த மான் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"மான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் வேலை நடக்காது. ஒவ்வொன்றுக்கும் வாய் வேறு, உயரம் வேறு, நேரம் வேறு.

புள்ளிமான் கூட்டமாக வரும். மழை பெய்து புல் இளசாக இருக்கும்வரை அதற்குப் புல்தான் பிரதானம். புல் காய்ந்து முற்றியதும் தழைக்குத் திரும்பும். மரத்தில் மந்தி இருந்தால் அடியில் புள்ளிமான் நிற்பதைப் பார்க்கலாம். மந்தி பறித்துப் போடும் இலையும் பழமும் கீழே இருப்பவைக்கு விருந்து.

கடமான் ஆள் உயரத்துக்கு மேலே எட்டும். தெற்கே குமரிப் பக்கம் மிளா என்கிறார்கள். எங்கள் ஊரில் மலையாளம் பேசுகிறவர்கள் ம்லாவு என்பார்கள். மூன்றும் ஒன்றுதான். தழை, பட்டை, புல், பழம் எதையும் விடாது. பெரும்பாலும் இருட்டிய பிறகே வரும். ஆகவே கண்ணில் படவில்லை என்பதை வைத்து "எங்கள் காட்டில் கடமான் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

கேளையாடு சின்னது, தனியாகத் திரியும், நாய் குரைப்பது போலக் கத்தும். பெயரில் ஆடு இருந்தாலும் மான்தான். இளந்தளிரையும் விழுந்த பழத்தையும் பொறுக்கித் தின்னும். சருகுமானை மலையாளத்தில் கூரன் என்பார்கள். முயல் அளவுதான் இருக்கும், உண்மையில் மான் குடும்பத்தைச் சேர்ந்ததும் இல்லை. விழுந்த பழம்தான் அதன் முக்கியச் சாப்பாடு. இந்த இரண்டாலும் காட்டுக்குப் பெரிய சேதம் வந்ததாக நான் பார்த்ததில்லை. கணக்கில் எடுக்க வேண்டியது முதல் இரண்டும்தான்.

முதல் நடை

தை, மாசியில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். எங்கள் பக்கம் மழைமறைவுப் பிரதேசம். மேலே மூணாறில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கீழே சின்னாற்றில் வானம் வெளுத்துக் கிடக்கும். அங்கே ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை, அதுவும் ஐப்பசி கார்த்திகையில் வருவதுதான் அதிகம். தை பிறந்தால் வெளியே புல் காய ஆரம்பிக்கும். நிழலும் பச்சையும் மிச்சமிருக்கும் சின்னக் காட்டுக்குள் மான் அப்போதுதான் திரும்புகிறது. மேய்ச்சல் எந்த அளவு என்பது அந்த மாதங்களில் பளிச்சென்று தெரியும்.

விடிந்து நன்றாக வெயில் ஏறிய பிறகு போங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். யானையும் காட்டுமாடும் இருக்கிற இடம். வனத்துறையின் உள்ளூர் வாச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது இன்னும் நல்லது. ராத்திரி யானை எந்தப் பக்கம் நின்றது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். முழுக்கால் உடை, மூடிய செருப்பு. உண்ணி தொற்றாமல் இருக்காது, வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டை மூன்று தட்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு, முழங்காலிலிருந்து தலைவரை ஒரு தட்டு, தலைக்கு மேலே ஒரு தட்டு. நடுத்தட்டுதான் உயிர்நாடி. அங்கே என்ன மரக்கன்றுகள் நிற்கின்றன என்று மட்டும் எண்ணுங்கள். புதர், கொடி, களை எதையும் எண்ண வேண்டாம். எங்கள் மூன்று ஏக்கரில் அப்படித் தேடிப் போனபோது நான் ஒரு கை விரல்களைத் தாண்டவில்லை.

பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணைத் தாழ்த்திக் காட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். மேய்ச்சல் அதிகமான காட்டில் ஒரு கோடு தெரியும். கத்தரி வைத்து நறுக்கின மாதிரி, ஒரு உயரத்துக்குக் கீழே இலையே இருக்காது, எதிர்ப்பக்கம்வரை கண் போகும். கோடு நெஞ்சு உயரத்தில் இருந்தால் புள்ளிமானோ ஆடோ. தலைக்கு மேலே இருந்தால் கடமான். இரண்டும் பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை எட்டும், அதனால் அடி கணக்கில் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகம் வராது.

கடித்த நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் அவசரப்பட்டுத் தடுமாறுகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லை மேலே உள்ள கெட்டியான ஈறோடு அழுத்திப் பிடித்து, தலையை ஆட்டி இழுக்கும். அதனால் கடித்த நுனி நார்நாராகப் பிய்ந்திருக்கும். ஒரு பக்கம் பட்டை நீளமாக உரிந்து தொங்கும். முயலுக்கு மேலும் கீழும் உளிப்பல். அது கடித்த தண்டு கத்தியால் சாய்த்து வெட்டின மாதிரி வழுவழுப்பாக இருக்கும், முழங்காலுக்குக் கீழேயே இருக்கும். முள்ளம்பன்றி அடிமரத்துப் பட்டையைச் சுற்றிச் சுரண்டும். பல்தடம் வரிவரியாகத் தெரியும். கிளை முறிந்து கிடந்தால், பட்டை முழம் முழமாக உரிந்திருந்தால், அது யானை. இலையில் ஓட்டை, விளிம்பில் அரிப்பு எல்லாம் புழுவும் வெட்டுக்கிளியும்.

சிக்கல் என்னவென்றால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் காட்டுமாட்டுக்கும்கூட மேல் முன்பல் இல்லை. நுனியை மட்டும் பார்த்து மானா ஆடா என்று பிரிக்கவே முடியாது. இதைத் தெரியாமல் நான் செய்த தப்பை இங்கே சொல்லியாக வேண்டும்.

நடுத்தட்டு காலியாக இருக்கிறது என்று கண்ட முதல் வருஷம், கீழ்த்தெருவில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இருபது உருப்படிக்குமேல் வைத்திருந்தார். "அக்கா, உங்க ஆடுதான் என் கன்னையெல்லாம் மொட்டையடிக்குது" என்று தெருவில் வைத்தே சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. "தம்பி, நான் அந்தப் பக்கம் ஆட்டை விட்டு ஒரு வருஷமாச்சு. சிறுத்தை வந்து ரெண்டு குட்டியைத் தூக்கினதிலேர்ந்து மேலே போறதே இல்ல. நீ விடியறதுக்குள்ள போய்ப் புழுக்கையைப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஆட்டுப் புழுக்கை சின்னதாக, இருபுறமும் மழுங்கி இருக்கும். அங்கே கிடந்தது அதைவிட இரண்டு பங்கு பெரிது, ஒரு முனை கூராகவும் மறு முனை சப்பையாகவும் இருந்தது. பக்கத்து ஈரமண்ணில் குளம்படி, கன்றுக்குட்டியின் காலடி அளவுக்கு, முன்நுனி கூராக. கடமான். அன்று சாயங்காலமே அந்த அக்கா வீட்டுக்குப் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதற்குப் பிறகு காட்டில் எனக்குத் தெரியாத தடம் எதைப் பார்த்தாலும் அவரைத்தான் கூப்பிட்டுக் காட்டுகிறேன். ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த இலையை எது தின்னும் என்று வேறு யாருக்கும் தெரியாது. யாரையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் புழுக்கை, குளம்படி, வேலியில் ஒட்டியிருக்கும் மயிர், மேய்ந்த உயரம் நாலையும் பாருங்கள். புள்ளிமானின் புழுக்கையும் ஆட்டின் புழுக்கையும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அங்கே குளம்படியை நம்புங்கள். மானுக்கு ஒடுங்கிக் கூராக, ஆட்டுக்கு அகன்று மழுங்கலாக இருக்கும்.

சந்தனம் இருக்கிற நிலமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. மறையூர்ச் சந்தனத்தில் ஸ்பைக் என்று ஒரு நோய் உண்டு. இலை சிறுத்து, கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். மேய்ந்து மேய்ந்து புதராகிப்போன கன்றும் தூரத்தில் அப்படித்தான் தோன்றும். கிட்டே போய்த் தண்டின் நுனியைப் பாருங்கள். கடித்த தடம் இல்லாமல் இலை மட்டும் சிறுத்திருந்தால் அது மானின் வேலை இல்லை.

இப்போது ஒரு கன்றை மட்டும் எடுத்து உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்தது ஒரு நாவல், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. உயரத்தைப் பார்த்தால் ஒரு வருஷத்துக் கன்று. அடித்தண்டைத் தொட்டால் என் கட்டைவிரல் பருமன், பட்டை முதிர்ந்து வெடித்திருந்தது. மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஏழு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு தடவை நுனி போனதன் தழும்பு. நுனி போனதும் பக்கத்து மொட்டு எழுந்து கொஞ்ச தூரம் போயிருக்கிறது, அதையும் கடித்திருக்கிறது. மேலே ஏற வேண்டிய பலமெல்லாம் பக்கவாட்டில் போய், வேலிக்கு வெட்டிவிட்ட செடி மாதிரி ஆகியிருந்தது. சாகவில்லை. வளரவும் விடவில்லை. மண்ணுக்கடியில் வேர் மட்டும் காத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட கன்றுகள் உங்கள் காட்டில் இருந்தால் சந்தோஷப்படுங்கள். புதிதாக நடுவதைவிட இவற்றைக் காப்பாற்றுவது பல மடங்கு சுலபம்.

எது குறைகிறது, எது கூடுகிறது

மேய்ச்சல் காட்டைக் காலி செய்வதில்லை, காட்டை மாற்றுகிறது. மான் விரும்பும் செடி தாழ்ந்துகொண்டே போகும், விரும்பாதது ஏறிக்கொண்டே வரும். பத்து இருபது வருஷத்தில் பச்சை அப்படியே இருக்கும், காடு வேறாகியிருக்கும்.

எதை விரும்பாது என்று கண்டுபிடிக்கத் தமிழிலேயே பாதி விடை இருக்கிறது. ஆடாதோடை என்பது ஆடு தொடாத செடி. ஆடுதின்னாப்பாளைக்கு விளக்கமே வேண்டாம். ஆடு தொடாததைப் பெரும்பாலும் மானும் தொடாது. எருக்கு, ஊமத்தை, ஆவாரை எல்லாம் இந்த வரிசையில் வரும். எங்கள் சரிவுகளில் தைலப்புல் மண்டிக் கிடக்கும். முற்றினால் அந்த வாடைக்கு எதுவும் வாய் வைக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே உண்ணிச்செடி. அதன் இலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. மாடு தின்று செத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. மான் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். பழத்தைக் குருவி தின்று விதையைப் பரப்பும். பக்கத்தில் முளைக்கிற நாவலையும் வேங்கையையும் மான் குட்டையாகவே வைத்திருக்கும், உண்ணிச்செடிக்குப் போட்டியே இல்லாமல் போகும். களையெடுக்கிறோம் களையெடுக்கிறோம் என்று வருஷா வருஷம் காசைச் செலவழித்தும் அது திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வயநாட்டில் மஞ்சக்கொன்னை என்கிற அயல்மரம் பரவிய இடங்களிலும் இதே கதைதான். மான் அதைத் தொடுவதில்லை.

மறுபக்கம், விரும்பித் தின்பவற்றில் முதலிடம் சந்தனத்துக்குத்தான் என்பது என் அனுபவம். சந்தனம் பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சி வளர்கிற மரம். விதையிலிருந்தும் வரும், வேரிலிருந்தும் தளிர்க்கும். இரண்டையும் மானும் காட்டுமாடும் விடுவதில்லை. மறையூரின் இத்தனை பெரிய சந்தனக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்தும், பறவை கொண்டுவந்து போடும் சந்தனக் கொட்டைகள் எங்கள் நிலத்தில் முளைத்தும், வேலியில்லாமல் ஒரு கன்றும் எழும்பியதில்லை.

முள் இருக்கிற இலந்தை, சூரை, களா, காரை நடுவில் நிற்கும். தளிராக இருக்கும்போது மேயும், முள் முற்றினதும் வேகம் குறையும். இந்த நடுவரிசைச் செடிகள்தான் பின்னால் நமக்கு உதவப்போகின்றன.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, உங்கள் காட்டில் கடிபட்டவை, கடிபடாதவை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஊர்ப்பெயரே போதும். ஒரு வருஷத்தில் அந்த நோட்டு உங்கள் நிலத்துக்கு எந்தப் புத்தகத்தையும்விடப் பயன்படும்.

அடைப்பு போடுங்கள்

இவ்வளவு பார்த்தாலும் இன்னும் ஊகம்தான். கன்று எழாததற்கு மான் தவிர நிழல், தீ, வறட்சி, விதை இல்லாமை என்று பல காரணம் இருக்கலாம். சந்தேகம் தீர ஒரே வழி, கொஞ்சம் இடத்தை மான் நுழையாமல் அடைத்து, பக்கத்தில் அதே மாதிரி ஒரு இடத்தைத் திறந்தே விட்டு, இரண்டையும் ஒப்பிடுவது.

சின்னக் காட்டுக்கு 4 மீட்டருக்கு 4 மீட்டர் போதும். ஒரே சரிவு, ஒரே நிழல், ஒரே மண் உள்ள இரண்டு சதுரங்களை அளந்து நான்கு மூலையிலும் கல் நடுங்கள். எதை அடைப்பது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். இது முக்கியம். நல்ல கன்றுகள் இருக்கிற பக்கத்தைத்தான் நம் மனசு அடைக்கச் சொல்லும்; அப்படிச் செய்தால் ஒப்பீடு முதல் நாளே கெட்டுவிடும். ஒரு ஜோடி போதாது, காட்டின் வேறு வேறு மூலைகளில் மூன்று ஜோடியாவது வையுங்கள்.

வேலி ஆறடி உயரம் இருக்கட்டும். புள்ளிமான் தாண்டிவிடுமே என்று கேட்பார்கள். பெரிய தோட்டமாக இருந்தால் தாண்டும். குதித்து இறங்கவும் திரும்பி எகிறவும் இடமில்லாத சின்ன அடைப்புக்குள் அது பெரும்பாலும் குதிப்பதில்லை. நான் போட்டவற்றில் இதுவரை குதிக்கவில்லை. கம்பி வலையின் கண் விரல் அகல இடைவெளியாக இல்லாமல் நாலு விரல் அகலம் இருக்கட்டும். ஓணானும் பாம்பும் கீரியும் போய்வரட்டும், அவையும் காடுதான். மீன்வலை, நைலான் வலை வேண்டவே வேண்டாம். கடமானின் கொம்பு சிக்கினால் அது கழுத்து முறியும்வரை போராடும். பாம்பும் மாட்டிச் சாகும். வேலி புதிதாக இருக்கும்போது வெள்ளைத் துணிக் கிழிசலை அங்கங்கே கட்டிவிடுங்கள். இருட்டில் ஓடிவரும் மானுக்குத் தெரிய வேண்டும்.

யானைத்தடத்தில் அடைப்பு போடாதீர்கள். முதல் அடைப்பை நான் அப்படிப் போட்டு, மூன்றாம் மாதம் கம்பி உருண்டையாகச் சுருண்டு கிடந்தது.

கம்பிக்குப் பணம் இல்லையென்றால் பழைய முறை இருக்கிறது. இலந்தை முள்ளை வெட்டி, அடிப்பக்கம் உள்ளேயும் நுனி வெளியேயும் இருக்கும்படி நெருக்கமாக அடுக்கி, மேலே கல்லை ஏற்றி வைப்பது. ஒரு கோடை தாங்கும், மழை முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். கீழே சின்னாறு, உடுமலைப் பக்கம் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி வைப்பார்கள். அடர்ந்துவர வருஷங்கள் ஆகும், ஆனால் அதன் பிறகு செலவு கிடையாது.

வீட்டுக் கரண்டை வேலியில் கொடுப்பது, சுருக்குக் கண்ணி வைப்பது இரண்டும் குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானைக் கொல்வதையும் பிடிப்பதையும் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கம்பியில் முதலில் கை வைப்பது விறகு பொறுக்க வந்த யாராவது ஒரு அம்மாவாக இருக்கலாம். சோலார் வேலி போட நினைத்தால் வனத்துறையில் கேட்டு, முறைப்படி போடுங்கள்.

எண்ணுவதும் காத்திருப்பதும்

அடைத்த அன்றைக்கே இரண்டு சதுரத்திலும் உள்ள மரக்கன்றுகளை எண்ணி, ஒவ்வொன்றின் உயரத்தையும் எழுதுங்கள். ஒரு மூங்கில் கழியில் ஒரு சாணுக்கு ஒரு வெட்டு போட்டு வைத்துக்கொண்டால் போதும். கன்றுக்கு அடையாளமாக நூல் கட்டினால் மக்கிப்போகும், கம்பி கட்டினால் தண்டை இறுக்கும். கன்றின் அடியில் எண் பொறித்த சின்ன அலுமினியத் தகட்டை ஆணியோடு மண்ணில் குத்திவிடுகிறேன். மூலைக்கல்லில் நின்று ஒரு படம் எடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே கல்லிலிருந்து.

பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன் புரட்டாசியிலும் கோடை தொடங்கும் மாசியிலும். முதல் ஆறு மாதத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மழை முடிந்த பிறகுதான் உள்ளேயும் வெளியேயும் வித்தியாசம் கண்ணில் படும். அதுவரை பொறுமை வேண்டும்.

என்ன தெரிகிறது

உள்ளே கன்றுகள் எழும்பி வெளியே எழும்பாவிட்டால் மேய்ச்சல்தான் காரணம். உள்ளேயும் எழும்பாவிட்டால் மானை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்: மேலே நிழல் இறுக்கமா, வருஷா வருஷம் தீ ஓடுகிறதா, தாய்மரமே இல்லையா. இரண்டிலும் எழும்பினால் உங்கள் காடு மானோடு சேர்ந்தே நலமாக இருக்கிறது. வேலியைப் பிரித்துவிட்டு மரநிழலில் உட்காருங்கள்.

எங்கள் மூன்று ஜோடியில் இரண்டில் உள்ளே நாவலும் பூந்திக்கொட்டைக் கன்றும் முழங்காலைத் தாண்டின, வெளியே அப்படியே நின்றன. மூன்றாவதில் நடந்ததுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அது வெயில் விழும் இடம். மேய்ச்சல் நின்றதும் உள்ளே புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து கன்றுகளை மூடிவிட்டது. பங்குனியில் அது காய்ந்து, ஒரு பொறி விழுந்தால் போதும் என்று நின்றது. வெளியே மான் புல்லைக் குட்டையாக வைத்திருந்த இடத்தில் கன்றுகள் குறைவுதான், ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. வெட்டவெளியில் மான் வாய் ஒருவிதத்தில் அரிவாள். ஆகவே காடு முழுவதையும் வேலி போட்டு அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நெல்லி, தான்றி, இலந்தை மாதிரிக் கொட்டைப் பழங்களை மான் விழுங்கிவிட்டு, எங்கேயோ நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். கடமான் படுத்த இடத்தில் சுத்தமான நெல்லிக்கொட்டைகள் குவியலாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மானை அறவே நிறுத்தினால் நெல்லிக்கு நடந்துபோகக் கால் இருக்காது.

மான் எங்கே சுமையாகிறது என்றால், அதை விரட்டுகிறவை இல்லாத இடத்தில். அந்தமானில் முன்பு புள்ளிமான் கிடையாது. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. தீவு தீவாக நீந்திப் பரவி, கன்றுகளை எழவிடாமல் காட்டின் அடித்தட்டையே மாற்றிவிட்டது. நம் பக்கத்தில் செந்நாய் வந்துபோகும் சரிவில் மான் ஒரே இடத்தில் நின்று மேயாது, இரண்டு வாய் கடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து பார்த்து நகரும். ஊரை ஒட்டிய குறுங்காட்டுக்குச் செந்நாய் வருவதில்லை. அங்கே நிழலும் கரும்பும் வாய்க்கால் தண்ணீரும் இருக்கிறது. மான் ஊரோரத்துச் சின்னக் காட்டில் தங்கிவிடுவது அதனால்தான்.

காப்பாற்றும் வேலை

மானை எதிர்த்துப் போராட வேண்டியதில்லை. சில கன்றுகள் அதன் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போகும்வரை கைகொடுத்தால் போதும். மூன்று ஏக்கருக்கு வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து கன்று தப்பினாலே தாராளம்.

முழங்காலில் நின்றுபோன பழைய கன்றுகளை முதலில் எடுங்கள். வேர் ஊன்றியிருப்பதால் கூண்டு வைத்த முதல் மழையிலேயே பாய்ந்து எழும். மூங்கில் தப்பையை வட்டமாக நட்டு, மூன்று இடத்தில் வரிந்து கட்டிய கூண்டு எங்கள் ஊரில் சல்லிசு. விட்டம் இரண்டரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். குறைந்தால் மூக்கை நுழைத்துவிடும். பல கிளையாகப் பிரிந்திருந்தால் நேராக நிற்கும் ஒன்றை விட்டு மற்றதைக் கவாத்து செய்யுங்கள்.

உண்ணிச்செடியை மொத்தமாக ஒரே நாளில் வெட்டாதீர்கள். இது கேட்க முரணாக இருக்கும். ஆனால் அந்தப் புதருக்குள் கையை விட்டு விலக்கிப் பாருங்கள். மான் மூக்கு போகாத அந்த இடத்தில்தான் வேங்கையோ நாவலோ நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து ஒளிந்திருக்கும். அதைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்குப் புதரை விட்டுவிட்டு, கன்றின் தலைக்கு மேலே மூடும் கிளையை மட்டும் நறுக்குங்கள். மற்ற இடத்தை வேரோடு எடுங்கள். கன்று தப்பியபின் காவல் புதரையும் எடுத்துவிடலாம். களா, சூரைப் புதர்களை எடுக்கவே வேண்டாம். புதிதாக நடுவதானாலும் அவற்றின் அடியில் நடுங்கள்.

சந்தனம் நட்டால் கூடவே துவரையும் நடுங்கள். சந்தன வேருக்கு அது துணை. ஆனால் துவரையும் மானுக்குப் பிரியம் என்பதால் இரண்டையும் சேர்த்து ஒரே கூண்டுக்குள் வைக்க வேண்டும்.

மான் வராமலிருக்க முடிமயிர் தொங்கவிடுவது, சோப்புக் கட்டி, அழுகிய முட்டைத் தண்ணீர் எல்லாம் சில வாரம் வேலை செய்யும், மழை விழுந்தால் போச்சு. மான் பழகியும் விடும். நாற்றங்காலுக்கு ஒரு பருவம் காவலாக வைத்துக்கொள்ளலாம், காட்டுக்கு அது ஆகாது. காட்டோரத்தில் பழத்தோலையும் காய்கறிக் கழிவையும் கொட்டாதீர்கள், இரக்கப்பட்டு உப்போ தண்ணீர்த்தொட்டியோ வைக்காதீர்கள். மான் அங்கேயே சுற்றும், சுற்றியிருக்கும் கன்றுகள் அத்தனையும் போகும்.

கூண்டை எப்போது எடுப்பது என்றுதான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கடமான் இருக்கிற காட்டில் நுனி பத்தடியைத் தாண்ட வேண்டும். தாண்டிய பிறகும் பட்டை இளசாக இருந்தால் பொறுங்கள். ஆண்மான் கொம்பை மூடிய தோல் உரியும் பருவத்தில் வழுவழுப்பான இளமரமாகப் பார்த்து உரசும். சுற்றிலும் பட்டை உரிந்தால் மரம் பட்டுப்போகும். நான் கூண்டைக் கழற்றி, பழைய சுள்ளிகளை அடிமரத்தில் ஆள் உயரத்துக்குச் சாய்த்துத் தளர்வாகக் கட்டிவிடுகிறேன்.

அந்த ஏழு முடிச்சு நாவலுக்குப் போன மாசியில் கூண்டைக் கழற்றினேன். ஆடு மேய்க்கிற அக்கா கழியைப் பிடித்துக்கொள்ள, பதினோரு அடி இருந்தது. அடியில் முடிச்சுகள் இன்னும் தடவினால் கைக்குத் தட்டுப்படுகின்றன. கூண்டின் தப்பைகளில் மூன்று மட்டும் செல் அரித்திருந்தது; அவற்றை மாற்றி, கீழ்ச்சரிவில் நிற்கும் ஒரு வேங்கைக்கு நட்டோம்.